உறைக்குள் பொம்மை, கட்டிலில் நான்

நர்சிங் கல்லூரியில் பாடம் எடுப்பவருக்கு எல்லா வியாதியும் வரும், மெடிக்கல் லீவு மட்டும் வராது. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு கல்லூரியில் டியூட்டராகக் குப்பை கொட்டுகிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

மாலை போட்ட பேஷண்ட்

நிஜ நோயாளியைத் தொடுமுன் மாணவிகள் பழகிக்கொள்ள எங்கள் லேபுக்கு ஒரு பொம்மை வந்தது. மூச்சு விடும், இருமும், நாடி துடிக்கும். ஆனால் பாலிதீன் உறையை யாரும் பிரிக்கவில்லை. இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் பார்க்கும்போது புத்தம் புதிதாக இருக்க வேண்டுமாம். ஆயுத பூஜைக்கு உறையின் மேலேயே சந்தனம் பூசி மாலையும் போட்டார்கள். படுத்திருப்பவருக்கு மாலை போட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரிக்கலாமா என்று பிரின்சிபாலிடம் கேட்டேன்.

"பசங்க தொட்டா ரிப்பேராயிடும் மேடம். போர்டுல வரைஞ்சி காட்டிடுங்க."

செத்துப் பார்த்தேன்

வரையவில்லை. நானே கட்டிலில் படுத்தேன். நான் சர்க்கரை நோயாளி, காலையில் இன்சுலின் போட்டாகிவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்தேன். மிச்சத்தை அவர்கள்தான் யோசிக்க வேண்டும். முகத்தில் தண்ணீர் தெளித்து வியர்வையாக்கி, கையை நடுங்கவிட்டு, வாய்க்கு வந்ததை உளறினேன். ஒருத்தி பிரஷர் பார்த்தாள், ஒருத்தி நாடி பிடித்தாள், ஒருத்தி ஃபேனைக் கூட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்பாரில்லை. செத்துவிட்டேன் என்று அறிவித்தேன். அழுதார்கள். அழட்டும்; இங்கே செத்தால் நான் எழுந்து அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன்.

மறுபடி படுத்தேன். இந்த முறை கடலூர் முதுநகர் பக்கம் மீனவக் குப்பத்திலிருந்து வரும் சுகன்யா முன்னால் வந்தாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது. காதருகே குனிந்து கத்தினாள்.

"ஊசி போட்டாங்களே, அப்பறம் சாப்டீங்களாம்மா?" அதுதான் கேட்க வேண்டிய கேள்வி; இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி ஆளே போய்விடலாம்.

வார்டு வம்பு

மாணவிகளுக்குச் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி. புவனகிரிக்காரர் ஒருவர் ஸ்கேனுக்காக வெறும் வயிற்றில் இருந்தார். அது தெரியாமல், அவருக்கு வழக்கமான இன்சுலினைப் போடச் சொன்னார் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர். சுகன்யா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அவுரு இன்னும் சாப்புடலையே சிஸ்டர், டாக்டரக் கேட்டுட்டுப் போடலாமா?" என்று கேட்க, மொத்த வார்டும் திரும்பிப் பார்த்திருக்கிறது. டாக்டர் ஊசியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆனால் எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசினாள் என்று இன்சார்ஜ் கல்லூரிக்கு அனுப்பிய புகார் நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்கும்வரை சுகன்யாவுக்கு வார்டு கிடையாது; வார்டு இல்லாவிட்டால் பரீட்சையும் கிடையாது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க நடிச்சி நடிச்சிதான் இதுங்க எதுத்துப் பேசுதுங்க. அந்தக் கிளாஸ நிறுத்திடுங்க மேடம்."

மன்னிப்பு

மாட்டேன் என்றேன். அவளை நிறுத்தினால், கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த என்னையும் சேர்த்து நிறுத்துங்கள் என்றேன். மன்னிப்பை மட்டும் அவளே தன் வார்த்தையில் கேட்கட்டும் என்றேன்.

மறுநாள் அவளோடு நானும் வார்டுக்குப் போனேன். வேடிக்கை பார்க்க ஆள் கூடிவிட்டது. என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் இன்சார்ஜ் முன்னால் நின்று, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, மெதுவாகப் பேசினாள். "சத்தமா பேசுனதுக்கு சாரி சிஸ்டர். கேட்டதுக்கு சாரி சொல்ல மாட்டேன்."

இன்சார்ஜ் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிரஷர் கருவியை அவள் கையில் கொடுத்தார்.

"போயி நாலாம் பெட்ட பாரு. கேளு, ஆனா மெதுவா கேளு."

சுகன்யா வார்டில் இருக்கிறாள், பொம்மை உறைக்குள் சௌக்கியமாக இருக்கிறது, நான்தான் வாரம் தவறாமல் செத்துக்கொண்டிருக்கிறேன், யார் தடுத்தாலும் சாவேன்.