புரதத்துக்குள் யார் யாரைத் தொடுகிறார்கள்?

சிலருடைய வேலையைக் கேட்டால் ஜனங்கள் "அப்படியா!" என்பார்கள், சிலருடையதைக் கேட்டால் "ஐயோ பாவம்" என்பார்கள், என்னுடையதைக் கேட்டால் "சரி, பசியாறிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

புரதம் என்பது அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்த நீளமான சரம். அது நீட்டிக்கொண்டு கிடக்காது. உள்ளங்கையில் கசக்கி வைத்த சங்கிலி போலச் சுருண்டு கிடக்கும். அப்படிச் சுருண்டதில் எந்த மணி எந்த மணியைத் தொடுகிறது என்று கணினியில் பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. ஈப்போவில் ஒரு சின்ன ஆய்வு நிறுவனம். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே நாங்கள். பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலையின் கழிவுநீரில் மிதக்கும் எண்ணெயைத் தின்னும் நொதி ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதுவும் ஒரு புரதம்தான். கழிவுநீரின் சூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு சுருள் பிரிந்துவிடும். எந்தத் தொடுகை அதை அந்தக் கொஞ்ச நேரமாவது பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்தால் அதைப் பலப்படுத்தலாம். தெரியாவிட்டால் என் வேலை ஒப்பந்தம் வருடக் கடைசியோடு முடிந்துவிடும். அதோடு என் கல்யாணப் பேச்சும் முடிந்துவிடலாம். வீட்டாருக்கு விளக்க முடியாத வேலை பார்க்கும் சக துன்பவாசிகளே, மேலே படியுங்கள்.

பெண் கேட்கப் போன இடத்தில்

எஸ்தரின் அப்பாவுக்குப் பாகான் டத்தோவில் தென்னந்தோப்பு. பெண் கேட்கப் போனபோது மாமா இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். நான் உற்சாகமாகப் புரதம், சரம், மணி என்று ஆரம்பித்தேன். எஸ்தர் கண்ணைக் காட்டினாள், நான் நிறுத்தவில்லை. அவள் கழுத்துச் சங்கிலியையே கழற்றச் சொல்லி வாங்கி, கையில் சுருட்டிக் காட்டினேன். பெண் கேட்க வந்தவன் முதல் நாளே சங்கிலியைக் கழற்றி வாங்கியதை அத்தை சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். சங்கிலியை என் கையிலிருந்து வாங்கி மகளிடம் கொடுத்தார். "யாரு யார தொடுறான்னு பாக்க சம்பளம் குடுக்குறாங்க, சரி லா. வேல கொன்ட்ராக்கா, நிரந்தரமா? அத மொதல்ல சொல்லுங்க தம்பி."

குமரனின் ஒரு வார உழைப்பு

குமரன் என் சக ஊழியன். சோதனைக் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவனை எங்கள் தலைவர் டாக்டர் புவனா கணினிப் பக்கம் தள்ளிவிட்டார். முதல் வாரமே நூற்றுக்கணக்கான தொடுகைகளைப் பிடித்துவிட்டேன் என்று மார்தட்டினான். பார்த்தால், சரத்தில் ஒன்றாவது மணி இரண்டாவதைத் தொடுகிறது, இரண்டாவது மூன்றாவதைத் தொடுகிறது என்று வரிசையாகப் போகிறது. ஒரே சரத்தில் அடுத்தடுத்துக் கோத்தவை தொடாமல் எங்கே போகும்? அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எங்கள் தொழிலின் பாலபாடம். எங்கோ தூரத்து மணி வளைந்து வந்து தொட்டால்தான் எங்களுக்குச் சமாச்சாரம்.

இதைச் சொன்னதும் குமரன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான். "அப்ப ஒரு வாரமா நான் கண்டுபிடிச்சது, கல்யாணத்துல மாப்பிள பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்காருன்னுதானா மச்சான்?"

கோடு வேண்டும்

சுங்காயிலிருந்து செம்பனை ஆலை மேலாளர் ரவீந்திரன் வந்திருந்தார். எங்கள் திட்டத்துக்குப் படியளப்பவர் அவர்தான் என்பதால் டாக்டர் புவனா அன்றைக்குப் புதுச்சேலை. எவ்வளவு நெருங்கினால் தொடுகை என்று வைத்துக்கொள்வது எங்கள் கையில்தான் இருக்கிறது. எல்லையைக் குறுக்கினால் திரையில் தொடுகைக்கு ஒன்றாக நாலைந்து கோடுதான் வரும். கொஞ்சம் தளர்த்தினால் புரதத்தில் எல்லோரும் எல்லோருக்கும் உறவாகி, திரை சிலந்திவலை ஆகிவிடும். அதனால்தான் எல்லையைக் கறாராக வைக்கிறோம் என்று இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டி விளக்கினேன்.

அவர் சிலந்திவலையைத்தான் ஆசையாகப் பார்த்தார். "கோடு நெறையா இருக்கட்டும் லா. நாலு கோட்ட கொண்டுபோயி போர்டு மீட்டிங்ல காட்டுனா, இவ்ளோ நாளா என்னா செஞ்சீங்கன்னு என்னத்தான் கேப்பாங்க."

அகப்பட்டது

கடைசியில் அகப்பட்டது. புரதத்தின் மேற்பரப்பில் ஆர்ஜினின் என்ற ஒரு மணி, குளூட்டமேட் என்ற ஒரு மணி. ஒன்றில் நேர் மின்னூட்டம், மற்றதில் எதிர் மின்னூட்டம். சரத்தில் இரண்டுக்கும் இடையே ஏகப்பட்ட தூரம், ஆனால் திரையில் கை கோத்து நிற்கின்றன. சூட்டில் புரதத்தைப் பிடித்து வைக்க இதைவிட என்ன வேண்டும்? குமரன் எல்லோருக்கும் ரொட்டி சானாய் வாங்கி வந்தான். நான் எஸ்தருக்குப் போன் போட்டு, ஒப்பந்தம் என்ன, வேலையே நிரந்தரமாகலாம் என்று சொன்னேன். அவள் அதை அப்படியே பாகான் டத்தோவுக்குச் சொல்லிவிட்டாள். டாக்டர் புவனா தன் பங்குக்குச் சுங்காய்க்குச் சொன்னார்.

போனில் மேலாளரின் குரல் எங்கள் மேசை வரைக்கும் கேட்டது. "டாக்டர், அந்த ரெண்டு பேரையும் நல்லா ஒரு படம் எடுத்து அனுப்புங்க, பெருசா பிரிண்ட் போட்டு போர்டு மீட்டிங்ல மாட்டுறேன்!"

நீலமும் ஆரஞ்சும்

மறுநாள் மத்தியானம் வெளியே நல்ல மழை. படத்துக்கு அழகு சேர்க்க உட்கார்ந்தேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். புரதத்தைப் படம் பிடிக்க அதை முதலில் படிகமாக்குவார்கள். அப்போது ஒரே புரதத்தின் பிரதிகள் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எங்கள் கோப்பில் அப்படி இரண்டு பிரதிகள் இருந்தன. படம் போடும்போது பிரதிக்கு ஒரு நிறம் கொடுப்பது வழக்கம். ஒன்றுக்கு நீலம், மற்றதற்கு ஆரஞ்சு கொடுத்தேன். ஆர்ஜினின் நீலமாக வந்தது. குளூட்டமேட் ஆரஞ்சாக வந்தது.

ஒரே புரதத்தின் இரண்டு கைகள் என்று நாங்கள் கொண்டாடியது, இரண்டு தனித்தனிப் புரதங்கள் இடித்துக்கொண்டு நின்றது! எங்கள் நிரல் மணிகளின் எண்ணை மட்டும் பார்த்ததே தவிர, எந்தப் பிரதி என்று பார்க்கவில்லை. தீபாவளிக் கூட்டத்தில் பஸ்ஸில் நம் மேல் சாய்ந்து நிற்பவர் நமக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவாரா? கழிவுநீரில் இந்த நொதி தனித்தனியாகத்தான் நீந்தும். குமரனே அதைச் சோதனைக் குழாயில் பார்த்தவன். சூட்டில் எதையும் பிடித்து வைக்க அங்கே பக்கத்தில் யாரும் இல்லை.

குமரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "மச்சான், ரெண்டுக்கும் ஒரே கலர் போட்டு அனுப்பிட்டா என்னா?"

சுங்காய்க்கு ஒரு போன்

ஒரே கலர் போட எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. எஸ்தர் அதற்குள் புடவைக் கலர் வரைக்கும் போய்விட்டாள். ஆனால் ஆலைக்காரர்கள் அந்தப் படத்தை நம்பி நொதியை மாற்றிச் செய்வார்கள், அது சூட்டில் பழையபடி பிரிந்து போகும், அன்றைக்கு எல்லோரும் என் படத்தைத்தான் பார்ப்பார்கள். டாக்டர் புவனாவிடம் போய்த் திரையைக் காட்டினேன். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இத அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்று போனை என் பக்கம் தள்ளினார்.

பஸ் கதையைச் சொல்லி, தொடுகை போய்விட்டது என்றேன். போர்டு மீட்டிங்குக்கு முன்பே சொல்லிவிட்டீர்களே என்ற மேலாளர், ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டுகிறேன், நிரந்தரப் பேச்சை மட்டும் இப்போதைக்கு எடுக்கவேண்டாம் என்றார். "மறுபடியும் தேடுங்க, போலே, முடியும். ஆனா இந்தவாட்டி மொதல்ல கலர் போடுங்க, அப்பறம் எனக்கு போன் போடுங்க."

மறுபடியும் பாகான் டத்தோ

இதை மாமாவிடம் நேரில் சொல்லியாக வேண்டும். எஸ்தரும் கூட வந்தாள். வேலை நிரந்தரம் இல்லை, கண்டுபிடித்ததும் தப்பு என்று மாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இளநீர் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்லாம இருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"இப்போதைக்குத் தெரிஞ்சிருக்காது மாமா."

"மேனேஜர்கிட்ட யாரு சொன்னது, ஒங்க டாக்டரா?"

"நான்தான் மாமா."

எஸ்தர் என் சட்டை நுனியைப் பிடித்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமா உள்ளே இருந்த அத்தைக்குக் குரல் கொடுத்தார். "கோயிலுக்குப் போயி ஃபாதர்கிட்ட கல்யாணத்துக்கு ஒரு தேதி கேட்டு வாங்க லா." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒண்ணே ஒண்ணு. சொந்தக்காரங்ககிட்ட ஒங்க வேலைய நீங்க வெளக்காதீங்க, கம்பியூட்டர் வேலன்னு நானே சொல்லிக்கிறேன்."

ஆக, இல்லாத ஒரு தொடுகையைக் கண்டுபிடித்துத் தொலைத்ததில் எனக்குக் கிடைத்தது இன்னொரு ஒப்பந்தமும் ஒரு கல்யாணத் தேதியும். இரண்டில் ஒன்றாவது நிரந்தரம்.