கூரையில் உட்கார்ந்த பதினான்கு நிமிடம்

எரிக் சிமிச்செக்கை என்னைவிட அறிந்தவன் எங்கள் போலந்து ஊர் ரிப்னிக்கில் கிடையாது. நாலாம் வகுப்போடு நின்று, செங்கல் சுமந்து, சொந்தமாக மூன்று லாரி வாங்கியவன் சொல்கிறேன், நம்பலாம். எரிக் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டினான். ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. ஆனால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் புறா எத்தனை நிமிடத்தில் பறக்கும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

இருபத்தாறு வருடம் பந்தயப் புறா வளர்த்தும் அவனுக்கு ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை. என்னிடம் பதினொன்று.

அந்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஜெர்மனியில், மாக்டெபுர்க்கில் புறாக்களைத் திறந்துவிட்டார்கள். அங்கிருந்து என் வீட்டுக்கு ஐந்நூற்று முப்பத்திரண்டு கிலோமீட்டர். எரிக் வீட்டுக்கு ஆறு கூடுதல், அதனால் அவனுக்கு ஐந்து நிமிடச் சலுகை. "ஜெயிச்சா படம் எடுப்பாங்கடா, பிச்சைக்காரன் மாதிரி நிக்காதே" என்று முந்தின நாளே என் கறுப்புக் கோட்டையும் தொப்பியையும் கொடுத்திருந்தேன். பெருந்தன்மை எனக்குப் பிறவிக் குணம்.

புறா கூரைக்கு வந்தால் போதாது. கூண்டுக்குள் நுழைய வேண்டும். கால் வளையத்தைக் கழற்றி, நேரம் பதியும் கடிகாரப் பெட்டியில் போட வேண்டும். நான் போட்டபோது பன்னிரண்டு ஐம்பத்துமூன்று. உடனே அவனுக்குத் தொலைபேசினேன்.

"எனக்கு வந்தாச்சு எரிக்கு! நீ அம்பத்தெட்டுக்குள்ள போட்டாத்தான் உண்டு."

"என்னோடது வந்து பத்து நிமிஷமாச்சுடா அல்ஃபோன்சு" என்றான், அழுகிற குரலில். "உச்சியில உக்காந்து என்னையே மொறைக்குது. எறங்க மாட்டேங்குது."

"பட்டாணி காட்டினியா?"

"காட்டினேன், கெஞ்சினேன். யாரோ எவரோன்னு பாக்குது."

எனக்குச் சுரீரென்றது. "டேய், என்ன போட்டிருக்கே?"

"நீ குடுத்த கோட்டு. தொப்பி."

பிறந்ததிலிருந்து அந்தப் பறவை அவனைக் கிழிந்த நீலச் சட்டையில் மட்டுமே பார்த்திருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு நாலு நிமிடம் இருந்தால் பன்னிரண்டாவது கோப்பை எனக்கு. ஆனால் அல்ஃபோன்ஸ் கோட்டைக் கொடுத்துக் கோப்பையை வாங்கினான் என்று ஊர் பேசினால்?

"எல்லாத்தையும் கழட்டுடா!" என்று கத்தினேன்.

தொலைபேசியைக் கீழே போட்டுவிட்டான். அவன் மனைவி த்ரூதாவின் குரல் கேட்டது.

"யோவ், கோயில் விட்டு ஜனங்க வர்ற நேரம்யா! கால்சட்டைய ஏன்யா அவுக்கறே?"

"அந்த நீலச் சட்டையத் தூக்கிப் போடுடி!"

"பாதிரியாரு பாக்கறாரு!"

"பாக்கட்டும். சத்தம் போட்டுப் புறாவ வெரட்டாம இருக்கச் சொல்லு!"

பிறகு படபடவென்று சிறகுச் சத்தம். கடிகாரப் பெட்டி கடக்கென்றது. ஐம்பத்தேழு தாண்டி இருபது நொடி.

படத்தில் நீலச் சட்டையோடு கோப்பையைப் பிடித்திருப்பவன் எரிக். பக்கத்தில் கம்பீரமாக நிற்பது நான், வெறுந்தலையோடு. தொப்பியைக் கேட்டால், புறா அதில் முட்டையிட்டிருக்கிறது, குஞ்சு பொரித்ததும் தருகிறேன் என்கிறான்.