வண்டி நம்பருக்குப் போன கடிதங்கள்

தபாலும் தந்தியும் ஒன்றாக இருந்த இலாகா 1985இல் இரண்டாகப் பிரிந்தது. தபாலுக்குத் தனித் துறை என்ற செய்தி வந்ததும் எங்கள் ஊரில் கேட்ட முதல் கேள்வி, "அப்ப பூவாத்தாக்கா ஆபீசு நிக்குமா?" என்பதுதான்.

திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே கருங்கல்மேட்டில், தன் வீட்டு முன்னறையில் கிளை அஞ்சலகம் நடத்தினார் பூவாத்தாள். அனுமதி தற்காலிகம்தான். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. முத்திரை குத்துகிற சத்தம் மட்டும் தெருமுனை வரை வரும்.

புதுத் துறையின் இன்ஸ்பெக்டர் வந்தார். போன கடிதங்களில் பாதி திரும்பி வந்து கிடந்தன.

"மூணு மாசத்துல இது மாறலேன்னா மூடச் சொல்லி எழுதிருவேம்மா."

"மாறுமுங்க," என்றார் பூவாத்தாள்.

திரும்பியவை எல்லாம், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளில் வேலைக்குப் போன கணவர்களுக்கு மனைவிகள் எழுதியவை. வண்டியோ ஊர் ஊராக நகர்வது. அதனால் பெயருக்குக் கீழே வண்டி நம்பரைப் போட்டு, 'ஆந்திரா' என்று முடித்திருந்தார்கள்.

"நம்பரைப் பெருசாத்தானுங்கக்கா எழுதியிருக்கறேன்! தபால்காரருக்குக் கண்ணு தெரியாதா?" என்றாள் பெருமாயி.

"அவரு வண்டி பின்னால ஓடோணுமா அம்மிணி? உன்ற ஊட்டுக்காரரை உன்னாலயே புடிச்சு நிறுத்த முடியல."

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள், பெருமாயியும்தான்.

அன்று தபால் பையைக் கட்டி அனுப்பியதும் சைக்கிளில் திருச்செங்கோடு போனார் பூவாத்தாள். ரிக் அனுப்பும் கடைகளில், வண்டி அடுத்து நிற்கப்போகும் ஊரை வாராவாரம் கேட்டு வந்தார். ஒவ்வொரு வண்டி நம்பருக்கும் நேரே அந்த ஊரை அஞ்சலகக் கரும்பலகையில் எழுதினார்: கர்நூல், அனந்தப்பூர், ராய்ச்சூர். வாரம் ஒருமுறை ஊர்ப் பெயர்கள் மாற, எங்கள் ஊரின் எல்லையே அதில் அழிந்து வேறாக வரையப்பட்டது. கடிதங்களில் இப்போது ஆளின் பெயரும் அந்த ஊர்த் தலைமை அஞ்சலகமும் மட்டும். 'வந்து கேட்கும்வரை வைத்திருக்கவும்' என்று கூடவே ஒரு வரி. எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் அஞ்சலகத்தில் விசாரிக்கும்படி கடைக்காரர்கள் மூலம் ஆண்களுக்குச் சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்து நின்றார்.

"என்னம்மா இது, பஸ் ஸ்டாண்டா?"

"எங்கூரு ஆம்பளைங்க இருக்கற எடமுங்க."

திரும்பி வந்திருந்தது இரண்டே கடிதம். அனந்தப்பூரிலிருந்து வந்த பதில் கார்டைப் பெருமாயி இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் அதைப் படிக்கவில்லை. முத்திரையை மட்டும் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, 'நிரந்தரமாக்கலாம்' என்று எழுதினார்.

"கையோட இன்னொன்னும் எழுதிருங்க சார்," என்றார் பூவாத்தாள். "வாசல்ல இருக்கற தபால் பொட்டி சின்னது. பெருசா ஒண்ணு வேணுமுங்க."