கையில் வலு இருந்த குற்றம்

என் அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசியில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. ஊருக்கே அவர் ஏட்டையாதான். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் வடக்கே இருந்ததால் நான் அப்பாவோடு இருந்துகொண்டு டீச்சர் வேலை பார்த்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்குமே வாய் நீளம். அதனால் அடுப்பு எரியாத நாள் இருந்திருக்கலாம், சண்டை இல்லாத நாள் இருந்ததில்லை.

மாதம் பிறந்ததும் அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கஜானாவுக்குப் போவார். பென்ஷன் கொடுக்கிற அலுவலகத்தை அப்போது அப்படித்தான் சொல்வோம். ஓய்வு பெற்ற வாத்தியார்கள், தபால்காரர்கள், தாலுகா ஆபீஸ் டவாலிச் சேவகர்கள் எல்லாரும் அங்கே வெயிலில் வரிசையாக நிற்பார்கள். ஒரு முறை வரிசையிலேயே ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். அன்றைக்குத்தான் இவர்கள் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைவர். அவரை எல்லாரும் சார்வாள் என்பார்கள். எழுதிக் கேட்டு, நேரில் கேட்டு, கடைசியில் உட்கார ஒரு பெஞ்சும் மேலே ஒரு ஓலைப் பந்தலும் வாங்கினார்கள். அந்தப் பெஞ்சில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசாமல் ஒரு நாள் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆதரவற்ற முதியோருக்கு மாதாமாதம் உதவித்தொகை என்று அரசாங்கம் கொடுக்க ஆரம்பித்திருந்தது. மணியார்டரில் வரும். சங்கத்துக்காரர்களுக்கு இதில் உள்ளூர ஒரு முணுமுணுப்பு இருந்தது. அப்பா அதை வெளியிலேயே சொன்னார்.

"எங்களுக்கு வருதது நாங்க சம்பாதிச்சது. அவங்களுக்கு வருதது தர்மம். ரெண்டையும் ஒண்ணுபோலப் பேசாதட்டி."

பசித்தவனுக்குப் போடுகிற சோற்றுக்கு என்ன பெயர் வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. நானும் கெஞ்சவில்லை.

குற்றாலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் பெரியவர் ஒருவர் இருந்தார். சீசனுக்குச் சீசன் அப்பா அவரிடம்தான் உட்காருவார். வேறு யார் பலகை போட்டு அழைத்தாலும் போகமாட்டார். பெரியவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. மனைவிக்குக் கண் தெரியாது. சாரல் அடிக்கும் ஆனி, ஆடி, ஆவணியில் கையில் நாலு காசு புரளும். மற்ற மாதங்களில் அருவிக்கரையில் குரங்குதான் உட்கார்ந்திருக்கும். புதிய உதவித்தொகை அவருக்கும் வந்துகொண்டிருந்தது. அதை வைத்துத்தான் அந்த வீட்டில் கஞ்சி கொதித்தது.

திடீரென்று மணியார்டர் நின்றுபோனது. பெரியவர் குற்றாலத்திலிருந்து நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே சர்க்கார் ஆள் அப்பாதான். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ஏட்டையா, சீசன்ல நான் வேலை பாக்கேன்னு ஆரோ எழுதிக் கொடுத்துட்டாவளாம். வேலை செய்ய முடிஞ்சவனுக்குப் பணம் கெடையாதாம். மத்த மாசமெல்லாம் நான் எங்க போயி வேலை செய்ய? அவ கண்ணு தெரியாதவ. ரெண்டு நாளா பச்சத்தண்ணி குடிச்சிட்டுப் படுக்கா."

அப்பா உள்ளே போய்விட்டார். நான் பெரியவரை உட்காரவைத்துச் சோறு போட்டேன். அந்த அம்மாவுக்கும் ஒரு தூக்குவாளியில் கொடுத்தனுப்பினேன். அவர் போனபின் அப்பா வெளியே வந்தார்.

"சவம், நமக்கு எதுக்கு இந்த எழவு" என்றார். சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். நேரே சார்வாள் வீட்டுக்குத்தான் போனார்.

சங்கத்தில் இதைப் பற்றி ஏக வாக்குவாதம். அது நம்முடைய சமாச்சாரமே இல்லை என்று சிலர். இன்றைக்கு அவனுக்கு நிறுத்துகிறவன் நாளைக்கு நமக்கும் கத்தரிக்கோல் வைப்பான் என்று சிலர். சார்வாள் இரண்டாவது கட்சி. முடிவில் மனுக் கொடுப்பதென்று தீர்மானமானது. எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. சார்வாள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் ஓய்வு பெற்றாலும் அவருடைய தமிழ் ஓய்வு பெறவில்லை. மனுதாரர் முதுமையால் தளர்ந்தவர், கைகளில் நடுக்கம் கண்டவர், எவ்வித உழைப்புக்கும் இயலாதவர் என்று போய்க்கொண்டே இருந்தது.

"அவர் கை நடுங்குதா சார்வாள்?" என்று கேட்டேன்.

"நடுங்கும், நடுங்கும். எழுதும்மா. சர்க்கார் பாஷை அப்படித்தான்."

ஜில்லா தலைமையிடத்திலிருந்து, இந்த உதவித்தொகைகளைக் கவனிக்கிற அதிகாரி ஒருவர் சாரல் தொடங்கியதும் குளிக்கக் குற்றாலம் வருகிறார் என்று தெரிந்தது. சீசனில் அதிகாரிகள் வராத வருஷம் உண்டா? அவர் தங்கியிருந்த பங்களாவுக்கே போய்க் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினோம். மனுவைக் கணீரென்று வாசிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். கிழவர்கள் எல்லாரும் உத்தியோகத்தில் இருந்தபோது போட்ட கோட்டைத் தேடி எடுத்து மாட்டியிருந்தார்கள். பஸ்ஸில் பாச்சா உருண்டை வாசம் தாங்கமுடியவில்லை.

பங்களாவில் காத்திருக்கச் சொன்னார்கள். ஐயா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பார்ப்பாராம். சாரல் தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் வராந்தாவின் ஓரத்தில் நின்றோம். எண்ணெய் தேய்க்க ஆள் கூட்டிவரப் போன காவல்காரர் சற்று நேரத்தில் திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால், இடுப்பில் துண்டும் கையில் எண்ணெய்க் கிண்ணமுமாக, எங்கள் பெரியவர்.

அருவிக்கரையில் நல்ல கை யாருடையது என்று கேட்டால் எல்லாரும் அவரைத்தான் காட்டுவார்கள். காவல்காரருக்கு எங்கள் மனுவைப் பற்றி என்ன தெரியும்? கூப்பிட்ட இடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிப் பெரியவருக்கும் பழக்கமில்லை. சார்வாள் முகம் வெளுத்துப்போய் அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தார். அப்பா பெரியவரை மறித்து மெல்லச் சொன்னார்.

"வே, இன்னைக்கு ஒரு நாளைக்குக் கொஞ்சம் தொட்டும் தொடாம தேயும். கை நடுங்குத மாதிரி வச்சுக்கிடும். மனுவுல அப்படித்தான் எழுதியிருக்கு."

பெரியவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டையா, உச்சியில எண்ணெய வச்ச பெறகு கை எம்பேச்சக் கேக்காது" என்றார்.

சொன்னபடியே ஆனது. பங்களாவின் பின்கட்டில் பலகையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். நாங்கள் நின்ற இடத்துக்கே சத்தம் கேட்டது. தோளில், முதுகில், உள்ளங்கை விழுகிற சத்தம். ஒரு தடவைகூட அது தளரவில்லை. சார்வாள் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா மட்டும் அந்தச் சத்தத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அதிகாரி அருவியில் குளித்துவிட்டுத் திரும்பி வந்தபோது தோள் இரண்டும் சிவந்திருந்தன. முகத்தில் நல்ல திருப்தி. நான் மனுவை வாசித்தேன். கைகளில் நடுக்கம் கண்டவர் என்ற இடத்தில் என் குரலே நடுங்கியது. யார் அந்த மனுதாரர் என்று கேட்டார். கிண்ணத்தோடு ஓரமாக நின்ற பெரியவரைச் சார்வாள் காட்டினார்.

அதிகாரி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"இவரா? என் தோளைப் பாருங்கள். எனக்கு இருக்கிற வலுவைவிட இவருக்கு அதிகம். படித்தவர்கள், சர்க்காரில் இருந்தவர்கள், நீங்களே இப்படிப் பொய் எழுதிக்கொண்டு வரலாமா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சார்வாள் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் கும்பிட்டுவிட்டுத் திரும்பக் கிளம்பினார்கள். அப்போதுதான் அப்பா முன்னால் போய் நின்றார். வாழ்நாள் முழுக்க அதிகாரிகளுக்கு சல்யூட் அடித்தே பழகிய மனிதர். அன்றைக்கும் முதலில் ஒரு சல்யூட் அடித்தார். பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கையை நீட்டினார்.

"ஐயா, இதையும் பிடிச்சுப் பாருங்க. எனக்கும் வலு இருக்கு. மாசாமாசம் எனக்குப் பென்ஷன் வருது. உம்மால முடியுதா, முடியலையான்னு ஒருத்தரும் கேக்கல்லையே."

"அது நீங்கள் சர்வீஸ் பார்த்ததற்கு."

"இவரு மீசை மொளைக்கதுக்கு முன்னால இருந்தே இந்தக் கரையில நிக்காரு. வந்த ஊருலகத்துக்கெல்லாம் தேச்சு விட்டிருக்காரு. கொஞ்ச முன்ன உங்களுக்கும் தேச்சாரு. அது சர்வீஸ் இல்லைன்னா, நான் பாத்ததும் இல்லை. என்னுதையும் நிறுத்திருங்க."

அவரது குரல் உயரவில்லை. ஆனால் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. தர்மம் வேறு, சம்பாத்தியம் வேறு என்று என்னிடம் சண்டை போட்ட அதே அப்பாதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதிகாரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனுவை வாங்கிக்கொண்டு, பார்க்கலாம் என்று உள்ளே போனார்.

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று சர்க்காரில் இருந்தவர்களுக்குத் தெரியாதா? மறு மாதத்திலிருந்து ஒரு காரியம் செய்தார்கள். கஜானாவில் பென்ஷன் வாங்கியதும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே தாலுகா ஆபீஸுக்கு நடந்தார்கள். அங்கே படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. ஆபீஸ் பூட்டும்வரை உட்கார்ந்திருந்து எழுந்து வருவார்கள். உள்ளே இருந்த குமாஸ்தாக்களில் பாதிப் பேர் சார்வாளிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். படியில் அவரைத் தாண்டி நடக்க முடியாமல் பக்கத்துக் கதவு வழியாகப் போய் வந்தார்களாம். மாதாமாதம் இதே கதை நடந்தது. உட்கார்ந்தவர்களில் இரண்டு பேர் அந்த வருஷமே இறந்தும் போனார்கள். மற்றவர்கள் தொடர்ந்து போனார்கள்.

கடைசியில் உத்தரவு வந்தது. பெரியவருக்கு மறுபடியும் உதவித்தொகை உண்டு. ஆனால் இனி அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பதில்லை, வேறு கூலி வேலைக்கும் போவதில்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும். சார்வாள் பூந்தி வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். பெரியவர் தாலுகா ஆபீஸில் கட்டைவிரலை வைத்துவிட்டு, விரலில் ஒட்டிய மையைத் தலையில் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். ஒரு பூந்தியை வாயில் போட்டுக்கொண்டு, மீதியை மனைவிக்கென்று துண்டில் முடிந்தார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நானும்தான்.

அடுத்த சீசன் வந்தது. அப்பா குற்றாலம் போகவில்லை. வேறு ஒருத்தன் கையில் தலையைக் கொடுக்க முடியாது என்று வீட்டிலேயே வெந்நீரில் குளித்தார். ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் பெரியவர் நின்றார். கையில் கிண்ணம் இல்லை. துண்டுக்குள் ஒரு சின்னப் புட்டியை மறைத்து வைத்திருந்தார்.

"சும்மா இருக்க முடியல ஏட்டையா. சாரல் சத்தம் கேட்டா கை ஒரு நிலையில நிக்க மாட்டேங்கு. ஒங்களுக்கு மட்டும் ஒருக்கா தேச்சு விடுதேன். காசு தந்திராதீங்க, அது கூலியாயிரும்."

அப்பா பலகையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரியவர் புட்டியைத் திறக்கவில்லை, தெருவைப் பார்த்தார். அப்பாவுக்குப் புரிந்தது. எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தச் சொன்னார். பட்டப்பகலில், மூடிய வீட்டுக்குள், திருட்டு வேலைபோல அது நடந்தது. நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சியில் எண்ணெய் வைத்தார். தலையைத் தேய்த்தார். தோளுக்கு வந்ததும் அப்பா நிமிர்ந்தார்.

"என்னவே, தடவிக் கொடுக்கீரு? அமுக்கித் தேயும்."

"வேண்டாம் ஏட்டையா. தோள் செவந்துட்டுன்னா நாளைக்கு எவனாவது கேப்பான், ஆரு தேச்சதுன்னு. அந்தப் பணம் நின்னுட்டா அவ பட்டினியால்லா கெடப்பா."

அப்பா திரும்பவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. எண்ணெயோடு சேர்ந்து அவர் கன்னத்தில் வழிந்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி நின்றேன். பெரியவரின் விரல்கள் அப்பாவின் தோளில் படுவதும் எடுப்பதுமாக இருந்தன. நான் என் கையால் மனுவில் எழுதினேனே அந்த நடுக்கம், அது அன்றைக்கு அந்த விரல்களில் வந்திருந்தது.