சின்னவன் வந்த வாரங்கள்

உன் அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டால் நான் விழிப்பேன். மற்றப் பிள்ளைகள் மில் என்றோ ஃபவுண்டரி என்றோ ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். என் அப்பா விடியற்காலையில் எங்கள் கணபதிப் பகுதியில் ஒரு மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்தார். பகலில், எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லாமல் எல்லாப் பத்திரிகைக்கும் எழுதினார். மனசு சரியில்லாவிட்டால் பக்கத்துப் பட்டறையில் கழித்துப்போட்ட மரத்துண்டுகளை வாங்கிவந்து யானையும் வண்டியும் செதுக்குவார். மிச்ச நேரத்தில் எங்களுக்கு அப்பாவாக இருந்தார். அந்த மிச்ச நேரத்தையும் அவர் சும்மா விடவில்லை, அதையும் எழுதினார்.

ஒரு வாரப் பத்திரிகையில் என் தம்பியின் சேட்டைகளைத் தொடர்ந்து எழுதிவந்தார். அதில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். விருந்தாளியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டது, அப்பாவின் விசிலைக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் போட்டது எல்லாம் ஊருக்கே தெரியும். நானும் அதில் வருவேன். ஆனால் 'அவன் அக்கா' என்று ஓரமாக வந்து ஓரமாகப் போய்விடுவேன். எனக்கு அதில் நிறையப் பொறாமை. போட்டிகள் நடக்கும் மாதங்களில் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்காது என்பதால், அப்பா பல வாரத்துக்கானதை மொத்தமாக எழுதி முன்கூட்டியே அனுப்பிவிடுவார்.

அந்த வருடமும் அப்படி அனுப்பியிருந்தார். தம்பிக்குக் காய்ச்சல் கண்ட காலையில் அவர் தன் அணியோடு பவானிக்கு ஒரு போட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாதாரணச் சூடுதான், சாயங்காலம் வந்தர்றேன்" என்றார். அணி ஜெயித்துக்கொண்டே போனதால் மறுநாளும் தங்கும்படி ஆயிற்று. எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. அப்பா கோப்பையோடு வந்து இறங்கியபோது தம்பி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். மூளைக்காய்ச்சல் என்றார்கள். அவன் கண் திறக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் பத்திரிகை வந்தது. அதில் சின்னவன் ஒரு கோழிக்குஞ்சுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அம்மா அதைக் கையால் தொடவில்லை.

"அனுச்சது தீர்ற வரைக்கும் வரட்டுங்க. அதுக்கு மேல அவனை எழுத வேண்டாம். என்னால முடியலீங்க" என்றாள். அப்பா சரியென்று தலையை ஆட்டினார்.

அனுப்பியது தீர்ந்தால் தம்பியும் தீர்ந்துபோவான் என்று எனக்குப் புரிந்தது. அதனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயந்து பயந்துதான் பக்கத்தைப் புரட்டுவேன். அவன் வந்துகொண்டே இருந்தான். அப்பா நிறைய அனுப்பியிருக்கிறார் என்று நிம்மதிப்பட்டுக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் கக்கத்தில் ஒரு கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பவானியில் ஜமக்காளத் தறி வைத்திருப்பவர், வாராவாரம் சின்னவனைப் படிப்பவர்.

"ஏனுங்க சார், மேட்ச்சுக்கு வந்தப்பச் சொன்னனில்லீங்க, பையனுக்கு ஒண்ணு நெய்து கொண்டாரேன்னு? பேரும் போட்டிருக்கனுங்க" என்று கட்டைப் பிரித்தார். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் சின்னவன் என்று நெய்திருந்தது. "எங்கீங்க அவரு?"

மாலை போட்ட படம் இருந்த உள்ளறைக் கதவை அம்மா மெதுவாகச் சாத்தினாள்.

"வெளையாடப் போயிருக்கானுங்க" என்றார் அப்பா.

நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள். பிறகு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பையனைப் பார்த்துவிட்டே போகலாம் என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "செரீங்க அம்மணி, இன்னொரு நாளைக்கு வந்து பாத்துக்கறனுங்க" என்று ஒருவழியாக எழுந்து போனார்.

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்றாள் அம்மா.

"அவுரு மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்கு வாயே வல்லை."

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து வந்த பத்திரிகையில், சின்னவன் ஒரு பவானி ஜமக்காளத்தில் தன் பெயரின் மேலேயே கைகாலைப் பரப்பிப் படுத்துக்கொண்டு அக்காவுக்கு இடம் தர மாட்டேன் என்று அடம்பிடித்தான். நான் துள்ளிக்கொண்டு ஓடி அம்மாவிடம் காட்டினேன். அவன் போன பிறகு அம்மா வாங்கிப் படித்தது அந்த ஒன்றைத்தான். படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அம்மா எங்கள் துணிகளை ஒரு பையில் திணித்து, என்னையும் இழுத்துக்கொண்டு, மதுக்கரையில் இருந்த மாமா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

வழியெல்லாம் அம்மா அழுதுகொண்டே வந்தாள். நான் அவள் கோபத்தின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். எல்லாமே தம்பிக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே எழுதி அனுப்பியவை. அப்படியானால் இந்த ஜமக்காளம் வரப்போவது அப்பாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அது தெரிந்தவருக்குக் காய்ச்சல் வரப்போவது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டேதான் பவானிக்குப் போயிருக்கிறார்.

எங்களை அழைத்துப்போக அவர் மதுக்கரைக்கு வந்தார். வெயிலில் நின்று, "கண்ணு, அப்பா வந்திருக்கறேன்" என்று கூப்பிட்டார். அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். நான்தான் போகவில்லை.