கவிழ்ந்த பிறை

அம்பாசமுத்திரத்தில் கல்யாண ஃபோட்டோ எடுக்கும் மணிராஜை மாமனார் முத்துமாலை ஒரு பொருட்டாக மதித்ததே இல்லை. அதிலும் போன ஆடியில் மருமகன் ஒரு தொலைநோக்கியை வாங்கி மொட்டைமாடியில் நிறுத்தியதிலிருந்து, மகள் சுகன்யாவிடம் ஃபோனில் அவர் கேட்பது ஒன்றே: "ஒன் வீட்டுக்காரரு இன்னும் வானத்தத்தான் பாக்காரா?"

அப்பேர்ப்பட்டவர் ஐப்பசியில் தானாக மருமகனைக் கூப்பிட்டார். வருஷா வருஷம் மூன்றாம் பிறையில் வடக்குக் கொம்பு உயர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிசானப் பருவ நெல்லுக்கு விதை ஊறப்போடுவார்; உயர்ந்திருந்தால் விளைச்சல் உண்டு என்பது அவர் கணக்கு. இந்த வருஷம் கண்புரை ஆபரேஷன். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண்ணுக்கு, ஃபோனை மூக்கோடு ஒட்டிவைத்தால்தான் எதுவும் தெரியும்.

"மாப்ளே, பொறைய ஒரு படம் புடிச்சு அனுப்பும். அதப் பாத்துத்தான் வெத நனைக்கணும்."

மணிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மாமா கேட்ட முதல் உதவி. இதில் சொதப்பினால் ஆயுசுக்கும் அவர் முன்னால் தலைநிமிர முடியாது.

மூன்றாம் பிறையன்று சூரியன் விழுந்ததும் வேலையைத் தொடங்கினான். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் வில்லையைக் கழற்றினான். கேமராவின் லென்ஸையும் கழற்றி, இரண்டையும் ஒரு வளையத்தால் இணைத்துத் திருகினான். பிறை உருகிய வெண்ணெய் மாதிரி தெரிந்தது. குமிழைக் கடைசிவரை திருகியும் தெளியவில்லை. இடையில் ஒரு சிறு லென்ஸைச் செருகியதும் பளிச்சென்று வந்தது. வந்த வேகத்தில் சட்டத்தை விட்டு நகரவும் தொடங்கியது. "அசையாதீங்க, இங்கன பாருங்க" என்று பழக்கதோஷத்தில் சொல்லியும்விட்டான். எந்தக் கல்யாணப் பெண்ணும் அவனை இப்படி ஓடவிட்டதில்லை. துரத்தித் துரத்திக் கடைசியில் ஒரு படத்தைப் பிடித்து, சந்தோஷத்தில் சரியாகப் பார்க்காமலே அனுப்பினான்.

ஃபோன் அலறியது. "மாப்ளே, பொறை கவுந்துல்லா கெடக்கு! எந்தக் காலத்துலயும் இப்படிப் பாத்ததில்லவே. இந்த வருசம் வெதப்பே வேண்டாம்."

மணிராஜ் படத்தை மறுபடி திறந்து பார்த்தான். வளையத்தைத் திருகிய அவசரத்தில் கேமரா தலைகீழாகப் பூட்டியிருந்தது. படத்தைத் திருப்ப மறந்துவிட்டான். அவசரமாக அதை நேராகத் திருப்பி அனுப்பினான். வடக்குக் கொம்பு அழகாக உயர்ந்திருந்தது. அதுதான் வம்பாயிற்று.

"நான் வருத்தப்படுவேன்னு கொம்பைத் தூக்கிவிட்டுட்டீரு. கல்யாண ஆல்பத்துல என் மவளையே எலுமிச்சம்பழ நெறமாக்கினவருதான நீரு?"

மாமா சொன்னது பொய்யில்லை. ஆக்கினது ஆக்கினதுதான். பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்த சுகன்யாவை எதிர்த்தெரு மாடிக்கு விரட்டி, விளக்கடியில் நிற்கவைத்தான். அதே தொலைநோக்கி, தலைகீழாகப் பூட்டிய அதே கேமரா. ஒரே ஒரு படம் எடுத்து, கை வைக்காமல் அப்படியே அனுப்பினான்.

"மாமா, இப்ப இதத் திருப்பணுமா, வேண்டாமா?"

முத்துமாலை ஃபோனை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். படத்தில் மகள் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாநிறம், நெற்றித் தழும்பு, எண்ணெய் வழியும் மூக்கு, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"பொறைய நம்புதேன்" என்றார் முத்துமாலை. "வெதைய நனைக்கச் சொல்லுதேன்." பிறகு இன்னொன்றும் சொன்னார். "அந்த ஆல்பத்தத் தூக்கிப் பரண்ல போடும். இதுலதான் எம் மவ எம் மவளா இருக்கா. பெருசா ஒண்ணு பிரிண்ட் போட்டுக் குடும் மாப்ளே. நேராத் திருப்பி."