சித்தி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட கீரை

செடிகொடிகளைப் பற்றி ஞாயிறுதோறும் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த என் சித்தி, கீரை மட்டும் சாப்பிடமாட்டாள். எந்தக் கீரையில் என்ன சத்து என்று அரைப்பக்கம் எழுதுவாள். தட்டில் வைத்தால் ஓரமாக ஒதுக்கிவிட்டு அப்பளத்தை நொறுக்குவாள். உன் வாசகர்கள் வந்து உன் தட்டைப் பார்க்கவேண்டும் என்று அம்மா முணுமுணுப்பாள்.

சித்தி தாவரவியல் படித்தவளல்ல. ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. கற்றதெல்லாம் நூலகப் புத்தகங்களிலும், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே கால்வாய் ஓரத்திலும்தான். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் குனிந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை விட்டுவிட்டுப் போன பஸ்களுக்குக் கணக்கே இல்லை.

சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் எங்கள் வீட்டில்தான் அவளும் இருந்தாள். காரிடார் முழுக்க அவளுடைய தொட்டிகள். நடக்க வழிவிடச் சொல்லி நகர மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்ததும் அம்மாவுக்கு நல்ல சாக்கு கிடைத்தது. தீபாவளிக்குள் ஒரு தொட்டிகூட இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அம்மா ஒன்று சொன்னால் அப்பாவே மறுபேச்சுப் பேசமாட்டார். சித்தி தலையாட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் கறிவேப்பிலைத் தொட்டியில் தானாக ஒரு செடி முளைத்தது. கீரைதான், சாப்பிடலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த வகை என்று பூ வந்தால்தான் சொல்லமுடியும் என்றாள் சித்தி. இப்படியொன்றை அவள் இங்கே எங்கும் பார்த்ததில்லையாம். விரைவில் பெயரைச் சொல்கிறேன் என்று வாசகர்களுக்கு எழுதியும்விட்டாள். நான் பள்ளி விட்டு வந்ததும் மொட்டு தெரிகிறதா என்று பார்த்து அவளுக்குச் செய்தி அனுப்பவேண்டும். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஒரு வியாழக்கிழமை, நுனியில் ஏதோ தெரிகிறது என்று அனுப்பினேன்.

மறுநாள் அடைமழை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம். காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய்க் கீரை வாங்கிவருவது அம்மாவின் வழக்கம். அன்று போகமுடியவில்லை. நான் வந்து பார்த்தபோது கறிவேப்பிலைத் தொட்டியில் கறிவேப்பிலை மட்டும்தான் இருந்தது. சமையலறையிலிருந்து பருப்பும் பூண்டும் மணத்தன.

சித்தி மாலையில் நனைந்துகொண்டு வந்தாள். குடையை மடக்கியபடியே தொட்டியைப் பார்த்தாள். பிறகு கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உன் தொட்டியில முளைச்ச கீரை லா," என்றாள் அம்மா. "தேக்காவுலகூட இவ்ளோ இளசா கிடைக்காது. உனக்குப் பிடிக்காதுன்னு தெரியும், ஒரு வாயாவது சாப்பிட்டுப் பாரு."

அந்தத் தொட்டிகளைப் பற்றி அம்மா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"அம்மா, அது சித்தியோட..." என்று ஆரம்பித்தேன். மேசைக்குக் கீழே சித்தியின் கை என் முழங்காலை அழுத்தியது. அவள் கண் கலங்கியிருந்தது. காரம் என்று நினைத்து அம்மா தண்ணீரை நகர்த்தி வைத்தாள். சித்தி ஒரு இலை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வை அக்கா."

அம்மாவின் முகத்தை அப்போது பார்த்திருக்கவேண்டும். மறுநாள் அவளே தொட்டிகளைச் சுவரோரமாக நகர்த்தி நடக்க வழி செய்தாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்பாவிடம் சொன்னாள். அரிசி களைந்த தண்ணீரை அவற்றுக்கு ஊற்றவும் ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி எழுதியிருந்தாள்: அந்தச் செடியின் பெயர் தெரியாமலே போய்விட்டது, ஆனால் பருப்போடு நன்றாகச் சேரும் என்று. அதுவரை சித்தி எழுதியதைப் படித்தே இராத அம்மா, அதைப் பக்கத்து வீட்டாருக்குப் படித்துக் காட்டினாள்.

அதன்பிறகு வெள்ளிதோறும் அம்மா சித்திக்கென்றே கீரை சமைத்தாள். சித்தி ஒருமுறைகூட ஒதுக்கவில்லை. ஒரே நாளில் அவளுக்குக் கீரை பிடித்துப்போய்விட்டது என்று நான் வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.